மாட்டுங்கா என்று மட்டும் சொன்னேன்

அம்மாவின் வலது இடுப்புக்காக நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். இடது ஓரத்தில் சிகிச்சை முறைகள். மேலே கேள்விகள்: வலி எவ்வளவு குறையும், எத்தனையாம் நாள் எழுந்து நிற்கலாம், என்ன தவறு நேரலாம், பிறகு எதையெல்லாம் செய்யக் கூடாது, வீடு எப்படி இருக்க வேண்டும். தாணேயில் வால்வு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் தர ஆய்வுப் பொறியாளர். எந்தப் பயத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதினால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். பேச்செல்லாம் முடிந்து, நான் நிரப்பிய அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு அறுவை மருத்துவர், இவ்வளவு தெளிவாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. 'வீடு' என்ற கடைசிப் பத்தியில் இருந்ததெல்லாம் பொய் என்பது அவருக்குத் தெரியாது.

நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் ஆகி, உதிர்ந்த முடியும் திரும்ப வளர்ந்து, அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குப் பால்வாடியில் உதவியாளர் வேலை. காலை முழுக்கக் குழந்தைகளோடு தரையில் உட்கார வேண்டும். அதனால் இடுப்பு வலித்தபோது தரையின் குளிர்ச்சி என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டாள். இரண்டு மாதம் தேய்த்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் போவேன். ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில், அவள் வலது காலைத் தரையில் வைத்தவுடனே எடுத்துவிடுவதைக் கவனித்தேன். சுடும் மணலில் நடப்பவள் போல.

ஸ்கேன் வந்தது. பழைய நோய் வலது தொடை எலும்பின் கழுத்துக்குப் பரவியிருந்தது. இடுப்பில் அந்த எலும்பின் பந்து உட்காரும் கிண்ணத்திலும் ஒரு சிறு பள்ளம். படத்தைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. சுவர் அரித்துப்போன குழாய் எந்த இடத்தில் உடையும் என்று தெரிந்துகொள்ள எனக்கு மருத்துவர் தேவையில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், மும்பைத் தாராவியின் ஒரு மூலையில் இருக்கிறது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. அப்பா இறந்த பிறகு கீழறையைப் பை தைக்கும் பட்டறைக்கு வாடகைக்கு விட்டோம். மேலறைக்குச் சந்திலிருந்து இரும்பு ஏணி. ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும். மேலே கட்டியிருக்கும் நைலான் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மேலறையில் தகரக்கூரை தாழ்வு. கட்டில் போட்டால் எழுந்து உட்காரும்போது தலை ஃபேனில் இடிக்கும். அதனால் தரையில்தான் படுக்கை. கக்கூஸ் சந்து முனையில், பொதுவானது.

இந்த இடத்தின் பெயரில் ஒரு வசதி உண்டு. முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். மாட்டுங்கா என்றால் கேட்பவருக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வரும். மரநிழல் விழும் தெருக்கள், பூக்கடைகள், பழைய கட்டடங்கள், தலைமுறைகளாக ஆபீஸுக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள். எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சிலர் பக்கத்திலிருக்கும் சயான் பெயரைச் சொல்வார்கள். வேலைக்கு மனுப் போடும்போதும், வங்கியிலும், கல்லூரித் தோழிகளிடமும் அதையேதான் சொன்னோம். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. வெளியே கிளம்பும்போது சட்டைக்கு இஸ்திரி போடுவது போல அது ஒரு பழக்கம். அம்மா அதற்கு 'ஆபீஸ் அட்ரஸ்' என்று பெயர் வைத்திருந்தாள்.

பத்தாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை அழைத்துப்போனபோது, ரயில்வே பாலத்திலிருந்து பள்ளி வாசல் வரை மூன்று முறை சொல்லிப் பார்க்க வைத்தேன். மாட்டுங்கா. அதோடு நிறுத்த வேண்டும். மூன்றாவது முறை சரியாகச் சொல்லிவிட்டு, "போதுமா டீச்சர்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒழுங்காகச் சொல்வாளா என்ற கவலையில் இருந்தேன்.

வேலை கிடைத்த மறு வருடம் செம்பூரில் ஒரு ஃப்ளாட்டில் இரண்டு பெண்களோடு சேர்ந்து குடிபோனேன். ரயில் வசதி என்று எல்லோரிடமும் சொன்னேன். முழுசாகச் சொல்லக்கூடிய முகவரி ஒன்று எனக்கு வேண்டியிருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவமனை என் ஆபீஸ் இன்சூரன்ஸ் செல்லுபடியாகும் இடம். மருத்துவர் ஐம்பது வயதுக்காரர், மராட்டியர், அவசரமில்லாமல் பேசுபவர். அம்மாவிடம் இந்தியிலும் என்னிடம் ஆங்கிலத்திலும் பேசினார். முதலிலேயே ஒன்றைச் சொன்னார். இந்த அறுவை சிகிச்சை நோயைக் குணப்படுத்தாது. நாட்களைக் கூட்டுவதற்கும் அல்ல. இருக்கிற நாட்களில் அவர் நின்று நடக்க வேண்டும், வலியில்லாமல் திரும்பிப் படுக்க வேண்டும், கழிவறைக்குத் தானாகப் போய்வர வேண்டும். அதற்குத்தான். நாம் வைக்கிற உலோகம் அவரைவிட அதிக நாள் தாங்க வேண்டும், அதுதான் கணக்கு என்றார். அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன்.

பிறகு காகிதத்தில் படம் வரைந்து ஒவ்வொன்றாக விளக்கினார். நான் என் அட்டவணையில் குறித்துக்கொண்டே வந்தேன்.

அறுவை சிகிச்சையே செய்யாமல் கதிர்வீச்சும் எலும்பை இறுக்கும் ஊசியும் மட்டும் கொடுக்கலாம். வலி குறையும். ஆனால் அரித்த எலும்பு உடனே கெட்டிப்படாது, அதற்குள் உடையலாம். உடைந்த பிறகு செய்யும் சிகிச்சை, உடைவதற்கு முன் செய்வதைவிடக் கடினம்.

எலும்பின் உள்ளே நீளமாக ஒரு ராடு செலுத்தலாம். நோய் எலும்பின் தண்டில் இருந்தால் அது நல்ல வழி. கழுத்திலேயே இருப்பதால் ராடு பிடித்துக்கொள்ள நல்ல எலும்பு போதாது. சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

பந்தையும் கழுத்தையும் எடுத்துவிட்டு, நீளமான தண்டோடு ஓர் உலோகப் பந்தை எலும்பு சிமெண்ட் வைத்துப் பொருத்தலாம். அது பாதி மூட்டு. கிண்ணம் நன்றாக இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்குக் கிண்ணத்திலும் பள்ளம் இருப்பதால் அதையும் சிமெண்டால் நிரப்பி, புதுக் கிண்ணம் வைத்து, முழு மூட்டாக மாற்றுவதுதான் சரி என்று நினைக்கிறார். காயம் ஆறியதும் அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு.

முழு மூட்டிலும் இரண்டு விதம் உண்டு என்றார். வழக்கமான கிண்ணத்தில் உட்காருதல், குனிதல், கால் மடக்குதல் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். அளவுக்கு மீறி மடக்கினால் பந்து நழுவி வெளியே வந்துவிடும். இன்னொரு விதத்தில் பந்துக்கு வெளியே இன்னொரு பந்து போல இரண்டு அடுக்காகச் சுழலும். அவ்வளவு சுலபத்தில் நழுவாது. தரையில் உட்கார்ந்தே தீர வேண்டியவர்களுக்கு அதை யோசிப்பேன் என்றார். அதிலும் குறைகள் உண்டு, தேவையில்லாதவர்களுக்கு வைப்பதில்லை.

அப்படிச் சொல்லிவிட்டுத்தான், வீடு எங்கே என்று கேட்டார்.

"மாட்டுங்கா" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்தது. தம் கல்லூரி நாட்களில் அங்கே வாரம் தவறாமல் இட்லி சாப்பிடப் போனதைச் சொன்னார். எந்தக் கட்டடம், ஸ்டேஷன் பக்கமா என்றார். கொஞ்சம் உள்ளே என்றேன். லிஃப்ட் இருக்கிறதல்லவா? இருக்கிறது. வெஸ்டர்ன் டாய்லெட்? ஆமாம். கட்டிலில்தானே படுக்கிறார்? ஆமாம். முதல் பதிலைக் காப்பாற்ற அடுத்த பதில், அதைக் காப்பாற்ற அதற்கடுத்தது. இரண்டு நிமிடத்தில் அம்மாவுக்கு நான் ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பி, "லிஃப்ட் ஹை நா, அம்மா?" என்று சிரித்தபடி கேட்டார்.

அம்மாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிக்கு மேல் இருக்காது. பிறகு அவரைப் பார்த்து, "ஹாங் சாப்" என்று ஆமோதித்தாள்.

என் அட்டவணையில் இரண்டடுக்குக் கிண்ணத்தின் வரிசைக்கு எதிரே 'பொருந்தாது' என்று எழுதினேன்.

வெளியே வரும் முன் அம்மா என் கையைத் தொட்டு, "நான் நம்ம வீட்டுக்கு ஏறிப் போவனான்னு மட்டும் கேளுட்டி" என்றாள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, எத்தனை நாள் என்றெல்லாம் அவள் எதையும் கேட்கவில்லை. அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். நான் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் மாடிப்படி ஏறலாமா என்று கேட்டேன். கைப்பிடி இருந்தால், ஒவ்வொரு படியாக, தாராளமாக ஏறலாம் என்றார். "ஏறலாம்னு சொல்றாங்கம்மா" என்றேன். அம்மாவின் தோள் தளர்ந்து இறங்கியதை இப்போதும் பார்க்கிறேன். அவள் கேட்டது ஏணியை. அது எனக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு படிவம் உண்டு. வால்வு வாங்குகிறவர்கள் அதை எங்கே பொருத்தப்போகிறார்கள் என்று நிரப்பித் தர வேண்டும். என்ன நீர், மணல் கலந்ததா, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம். அதை வைத்துத்தான் உள்ளே என்ன உலோகம் என்று முடிவு செய்வோம். சிலர் சுத்தமான தண்ணீர் என்று எழுதிவிட்டுச் சேற்றுநீரில் மாட்டிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அரித்துத் திரும்பி வரும். நான் பிரித்துப் பார்ப்பேன். உள்ளே மணல் கோடு கிழித்திருக்கும். அறிக்கையின் கீழே, தவறான தகவல் தரப்பட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போது, இந்த மனிதர்கள் ஏன்தான் பொய் சொல்கிறார்களோ, அவர்கள் பொருளுக்குத்தானே நஷ்டம் என்று எரிச்சல் வரும்.

சிகிச்சைக்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசினார். இளம்பெண், என் வயதுதான். வீட்டின் வாசல், படுக்கை, கழிவறை மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். திருத்திக்கொள்ள அது எனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. அன்று மாலை செம்பூர் ஃப்ளாட்டின் கழிவறையைத் துடைத்து, உலரவைத்து, விளக்கைப் போட்டுப் படம் எடுத்தேன். என் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்து எடுத்தேன். லிஃப்ட் கதவையும் எடுத்தேன். சிகிச்சை முடிந்ததும் அம்மா இங்கேதானே இருக்கப்போகிறாள், அப்படியென்றால் இது பொய்யில்லை என்று சொல்லிக்கொண்டேன். மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீட்டில் எத்தனை நாள் இருப்பாள் என்று கட்டம் போட்டுப் பார்க்கவில்லை. 'பெர்ஃபெக்ட்' என்று பதில் வந்தது.

அறுவை சிகிச்சை அன்று தியேட்டர் கதவு வரை ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். வாசலில் ஒரு சிஸ்டர் ஆளை உறுதிசெய்யக் கேள்விகள் கேட்டார். பெயர் என்ன, வயது என்ன, எந்தக் கால், எங்கே வசிக்கிறீர்கள். அதற்குள் ஏதோ மயக்க ஊசி போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு நாக்கு குழறியது. பெயரைச் சொன்னாள். வயதைச் சொல்லத் தடுமாறினாள். வலது கால் என்று தொட்டுக் காட்டினாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் தடுமாறவே இல்லை. "மாட்டுங்கா" என்றாள். அதோடு நிறுத்தினாள். கதவு மூடிக்கொண்டது.

சிகிச்சை நன்றாக முடிந்தது. மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றாள். ஐந்தாம் நாள் வராந்தாவின் கடைசி வரை போய் வந்தாள். எலும்பை அறுக்கும் அந்தப் பழைய வலி போய்விட்டது என்றாள். இப்போது இருப்பது தைத்த இடத்தின் வலி மட்டும்தான், அது மனுஷ வலி என்றாள். பிசியோதெரபிஸ்ட் செய்யக் கூடாதவற்றின் பட்டியலைக் கொடுத்தார். தரையில் உட்காரக் கூடாது. குத்தவைக்கக் கூடாது. முட்டி இடுப்புக்கு மேல் போகக் கூடாது. கால்மேல் கால் கூடாது. பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பால்வாடி வேலை போயிற்று என்று அப்போதே அவளுக்குப் புரிந்திருக்கும்.

செம்பூரில் பன்னிரண்டு நாள் இருந்தாள். என் தோழிகளில் ஒருத்தி ஊருக்குப் போயிருந்ததால் இடம் இருந்தது. அம்மா என் கட்டிலின் விளிம்பில், ரயிலுக்குக் காத்திருப்பவள் போலத்தான் உட்கார்ந்திருந்தாள். "ஒன் பாத்ரூமுக்குள்ள நம்ம பால்வாடியே நடத்தலாம் போல" என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு நாள், பார்க்க வந்திருந்த வேறொரு தோழி அம்மாவிடம் உங்கள் வீடு எங்கே ஆன்ட்டி என்று இந்தியில் கேட்டபோது, நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் பதில் சொல்லிவிட்டிருந்தாள். என்ன பதில் என்று எழுத வேண்டியதில்லை.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். ஜெபக் கூட்டத்துப் பெண்கள் வருவார்களாம், பக்கத்து வீட்டுக்காரி சோறு தருவாளாம், பகலெல்லாம் பேச ஆள் இருக்குமாம். நான் ஏணியைச் சொன்னேன். "டாக்டரே ஏறலாம்னு சொல்லிட்டாவள்லா?" என்றாள்.

அப்போதாவது மருத்துவமனைக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண் என் கையில் இருந்தது. அழைத்தால் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எந்த வாக்கியமும் 'நான் பொய் சொன்னேன்' என்ற சொற்கள் இல்லாமல் தொடங்கவில்லை. அழைக்கவில்லை.

பட்டறை மாஸ்டரும் இரண்டு தையல்காரர்களும் மேலேயும் கீழேயும் நின்று பிடித்துக்கொள்ள, அம்மா ஏணி ஏறினாள். நல்ல கால் முதலில், பிறகு மற்றது. கயிற்றை விடவில்லை. மாஸ்டர் எங்கள் ஜில்லாக்காரர், அம்மாவைவிட இளையவர். "எக்கா, மெல்ல. மேல ஒண்ணும் கல்யாணப் பந்தி போடல" என்றார். மேலே போய் வாசல் நிலையைப் பிடித்து நின்றுகொண்டு அம்மா சந்து முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள். சந்துப் பெண்கள் கைதட்டினார்கள். என் பொய்யால் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று நான் நினைத்தது அந்த நிமிடத்தில்தான்.

நான்கு மெத்தைகளை அடுக்கி உயரப்படுத்தினேன். நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி வைத்தேன். அடுத்தவர் வாளி சுமக்க வேண்டியிருக்கிறதே என்று அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மெத்தைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று இரண்டை எடுத்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

வீடு திரும்பிய மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை பகல். நான் தொழிற்சாலையில் திரும்பி வந்த ஒரு வால்வுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். உத்தரவாதம் செல்லாது என்ற அந்தப் பழைய வாக்கியத்தில் இருந்தேன் என்று சொன்னால் ஜோடித்தது போல இருக்கும், ஆனால் அதில்தான் இருந்தேன். மாஸ்டர் போன் செய்தார். படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது கால் மடங்கி, ஏதோ சத்தம் கேட்டதாம். அக்காவால் அசைய முடியவில்லை, கால் உள்பக்கம் திரும்பிக் குட்டையாகத் தெரிகிறது என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஏணிதான் பிரச்சினை என்றார்.

நான் சந்துக்குள் நுழைந்தபோது அம்மாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் துணி வெட்டும் பலகையில் படுக்கவைத்து, பை தைக்கும் நாடாவால் மூன்று இடத்தில் கட்டியிருந்தார்கள். மேலே இருவர், ஏணியில் இருவர், கீழே கைகளை உயர்த்திப் பத்துப் பேர். தலை மேலாக, கால் கீழாக, பலகை சாய்வாக வந்தது. அம்மா கண்ணைத் திறந்துதான் இருந்தாள். கத்தவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்ததை ஒரு பெண் கையை நீட்டி இழுத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது அது. நான் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

பந்து நழுவியிருந்தது. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். எப்படி நடந்தது, கட்டிலிலிருந்து விழுந்தாரா என்றார்.

நான் வரிசையாகச் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும். ஒன்று, வீடு தாராவியில், லேபர் கேம்ப்பில். இரண்டு, லிஃப்ட் இல்லை, இரும்பு ஏணி. மூன்று, கட்டில் இல்லை, தரையில் படுக்கை. நான்கு, கழிவறை பொது. ஐந்து, நான் அனுப்பிய படங்கள் என் வாடகை வீட்டில் எடுத்தவை. ஆறு, அம்மாவை ஆமாம் சொல்லவைத்தது நான்.

அவர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தெரிந்திருந்தால் அந்த இன்னொரு கிண்ணத்தை வைத்திருப்பேன் என்றார். அதிலும் நழுவியிருக்கலாம், இல்லையென்று தம்மால் சொல்ல முடியாது, ஆனாலும் அதைத்தான் வைத்திருப்பேன் என்றார். பிறகு, தாம் இருபது வருடமாகத் தாராவி நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வதாகவும், அவர்கள் வீட்டு ஏணிகளைத் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. தகவல் போலத்தான் சொன்னார்.

மயக்கம் கொடுத்து, திறக்காமலேயே பந்தை உள்ளே தள்ளினார்கள். உட்கார்ந்துகொண்டது. இடுப்புக்குப் பட்டை போட்டார்கள். மறுபடி திறந்து கிண்ணத்தை மாற்றலாமா என்று கேட்டேன். அம்மாவின் இரத்த அறிக்கைகளைக் காட்டினார். கல்லீரலிலும் இப்போது ஏதோ தெரிகிறது. பந்து உள்ளே நிற்கும்வரை தொட வேண்டாம். இனி ஏணி கூடாது, தரை கூடாது என்றார்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் அதுதான். ஏறிப் போக மாட்டாள்.

பிசியோதெரபிஸ்ட் வார்டுக்கு வந்தார். புதிதாக ஒரு படிவம் எடுத்துவந்திருந்தார். நான் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று முழு முகவரியையும், சந்தோடு, சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "ஏணில பன்னெண்டு படி. அதையும் எழுதிக்கிடச் சொல்லு" என்றாள்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டார். நான் மாஸ்டரிடம் கேட்டு வாங்கிய உண்மையான படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஏணிப் படத்தில் நின்று, கீழே இருக்கும் கதவைச் சுட்டி, இது யாருடையது என்றார். எங்களுடையதுதான், வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்றேன். அப்படியென்றால் அவர்கள் மேலே போய், நீங்கள் கீழே வரலாமே என்றார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படத்தைப் பார்த்த உடனே சொன்னார். முதல் முறையே இந்தப் படங்களை அனுப்பியிருந்தால் முதல் முறையே சொல்லியிருப்பார். நானும் யோசித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டை மறைப்பதில்தான் என் மூளை முழுவதையும் செலவழித்தேனே தவிர, அதற்குள் எப்படி வாழ்வது என்று ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

மாஸ்டரிடம் கேட்கப் போனேன். அவர் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "இத முன்னாடியே சொல்லப்படாதா பிள்ள? எங்களுக்கு மேல என்ன, கீழ என்ன. மிஷின் எங்க இருந்தாலும் ஓடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு படியிலும் தையல் மிஷின்கள் கயிறு கட்டி ஏறின. கீழறையில் கட்டில் போட்டோம். மூலையில் தடுப்பு வைத்து, நாற்காலி உயரத்தில் உட்காரும் கழிப்பறை ஒன்று கட்டினோம்.

அம்மா அங்கே எட்டு மாதம் இருந்தாள். வாக்கரோடு வாசல் வரை வருவாள். பால்வாடிக்குப் போகும் பிள்ளைகள் நின்று பேசிவிட்டுப் போவார்கள். மேலே மிஷின் ஓடும்போது கட்டில் லேசாக அதிரும். "நம்ம வீட்லயே நான் ரயில்ல போறேன்" என்பாள்.

ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"நானுந்தானட்டி ஆமான்னேன்" என்றாள். "எனக்கென்ன இந்தி தெரியாதா? நீ ஒண்ணு சொல்லி நான் வேற சொன்னா, அவர் முன்னால ஒனக்கு அசிங்கமால்லா இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கதிர்வீச்சுக்குப் போக வேண்டிய ஒரு காலை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போன் செய்தார். நான் அம்மாவுக்குப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்ததால் அம்மாதான் எடுத்தாள். எங்கே வர வேண்டும் என்று அவர் கேட்பது எனக்கும் கேட்டது.

"மாட்டுங்கா" என்றாள் அம்மா.

அங்கே நிறுத்தினாள். போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். பாலத்திலிருந்து பள்ளி வாசல் வரை நான் பழக்கிய அதே இடத்தில், மேற்கொண்டு சொல்லலாமா என்று கண்ணால் கேட்டுக்கொண்டு.

பட்டையை விட்டுவிட்டுப் போனை வாங்கி, மீதியை நான் சொன்னேன்.